மஞ்சளாக மாறிய பால்

செங்கம் சாலையில் இருந்த தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதிப்பது நூரைனின் வேலை. பாலில் யூரியா உரம் கலந்திருந்தால், மருந்து விட்டதும் அடர் மஞ்சளாகும். அன்று காலை அடி அண்ணாமலை என்ற ஊரிலிருந்து வரும் தசரதனின் பால் அப்படித்தான் மாறியது.

"திருட்டுப் பய!" என்று மேலாளர் திருமலை கத்தினார். வரிசையில் நின்றவர்கள் பார்க்க, கேனைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"என் மாட்டு பால்ல உரத்தைக் கலந்தேன்னு சொல்றியாம்மா?" தசரதன் நூரைனைத்தான் கேட்டார்.

"டெஸ்ட்டு அப்படி காட்டுதுண்ணா."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அவர் நிஜமாகவே கலந்திருப்பாரா என்று நூரைனுக்குச் சந்தேகம் வந்தது. சாயங்காலம் மருந்துப் புட்டியோடு அவர் வீட்டுக்கே போனாள்.

"இன்னும் இன்னாத்துக்கு வந்த?" வாசலை மறித்தாள் அவர் மனைவி ஜோதியம்மாள்.

"என் கண்ணு முன்னாடி ஒரு வாட்டி கறந்து காட்டுங்கக்கா."

கறந்தார்கள். மடியிலிருந்து வந்த பாலும் அதே மஞ்சளாகியது. மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கை அளவுக்கு மீறி வைத்திருந்தார்கள். அதனால்தான் மடியில் சுரக்கும்போதே பாலில் யூரியா ஏறியிருந்தது. யாரும் எதையும் கலக்கவில்லை.

மறுநாள் திருமலையிடம் சொன்னாள். அவர் மேசையைத் தட்டினார். "அப்போ மஞ்சளானாலும் விட்டுடணுமா? நாளைக்கு நிஜமாவே கலந்தவன் தப்பிச்சா யார் பதில் சொல்றது?"

"கெடுபிடி ஜாஸ்தியானா நல்லவங்க மாட்டுவாங்க சார். கம்மியானா கெட்டவன் தப்பிப்பான். ரெண்டும் தப்புதான். மஞ்சளாச்சுன்னா அது சந்தேகம் மட்டும்தான். பாலை வாங்காம நிறுத்தி வைப்போம். வீட்டுக்குப் போய், கறக்க வெச்சு பாத்துட்டு அப்புறம் பேசுவோம்."

"யாரு போறது? உங்க அப்பனா?"

"நான் போறேன்."

வெளியே வந்து, வரிசையின் முன் நின்று உரக்கச் சொன்னாள். "தசரதன் அண்ணா கலப்படம் பண்ணல. நாங்கதான் தப்பா முடிவு பண்ணிட்டோம்."

"தோடா, இப்போ சொல்ல வந்துட்டா," என்றான் ஒருவன். "கேனைப் புடிம்மா, நேரமாவுது."

தசரதன் அதற்குப் பிறகு அங்கே பால் ஊற்றவில்லை. வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பால் மஞ்சளான வீடுகளுக்கெல்லாம் நூரைன் ஸ்கூட்டியில் போனாள். வேவு பார்க்க வருகிறாள் என்று ஏசினார்கள். தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. தீவனத்தால் மஞ்சளானது என்று தெரிந்த வீட்டுக்காரர்களும், சந்தேகப்பட்டதற்காக அவளைத் திட்டினார்கள்.

ஒரு நாள் மணிவேல் என்பவனின் பால் மஞ்சளாக, அவள் அவன் வீட்டுக்குப் போனதும் அவன் நாயை அவிழ்த்துவிட்டான். அவள் வண்டியைவிட்டு இறங்காமல் தெருவிலேயே நின்றாள். அக்கம்பக்கம் கூடிவிட்டதால், வேறு வழியில்லாமல் நாயைக் கட்டிவிட்டு மாட்டைக் கறந்தான். அந்தப் பால் மஞ்சளாகவில்லை. காலையில் அவன் கேனில் ஊற்றிய பால் மட்டும்தான் மஞ்சளாகியிருந்தது.

"நாளையிலேர்ந்து உங்க பால் வேணாங்க," என்றாள் நூரைன்.

"உன்னை ஊரை விட்டே துரத்துறேன் பாரு!" என்று மணிவேல் கத்த, அவள் வண்டியைக் கிளப்பினாள்.