துரையை நான் கெடுத்த கதை

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். குண்டு வெடித்து வண்டி கவிழ்ந்ததில் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அடி முழுக்க மூளைக்கு. "ஆள் கல்லு மாதிரி இருக்காரே, என்ன குறை?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வழி மறந்து தெருமுனையில் நிற்கிற ஆளை ஒரு நாள் கூட்டி வந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

இப்போது சைக்கிள் கடையில் வேலை. முறுக்கிய நட்டின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார். கோடு இல்லையென்றால் இன்னும் முறுக்கவில்லை என்று அர்த்தம். கடைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் ஆறு வருஷமாக நான்தான்.

இந்த வருஷம் துரை வந்தது. இவரைப் போன்றவர்களுக்கென்றே பழக்கிய நாய். அவர் மலங்க விழித்தால் முழங்காலில் மூக்கால் இடிக்கும். வழி தவறினால் வீட்டுப் பக்கம் இழுக்கும். அது உட்காருகிற தோரணைக்கு நான் வைத்த பட்டப்பெயர்தான் துரை.

கூட்டி வந்த பயிற்சிக்காரம்மா கறாராகச் சொன்னார்: "சாப்பாடு அவர் கையாலதான் போடணும். மூணு மாசத்துல அவரோட ஒட்டலன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

தலையாட்டினேன். ஆனால் மறப்பதுதானே அவருடைய வியாதியே! போனில் அலாரம் வைத்தால் அணைத்துவிட்டு, "எதுக்கு அடிச்சுது?" என்று என்னையே கேட்பார். வாயில்லாத ஜீவன் பட்டினி கிடந்தால் மனசு கேட்குமா? அவருக்குத் தெரியாமல் நானே போட்டேன். இரண்டு மாதம் போட்டேன்.

ஒரு சாயங்காலம் அவரோடு நடக்கப் போன துரை மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றது. அவரைக் காணோம். ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் வெறுங்கையோடு நின்றிருந்தார். வார் கைநழுவினாலும் பக்கத்தை விட்டு நகரக் கூடாத நாய், சாப்பாடு போட்டவளைத் தேடி வந்துவிட்டது. கெடுத்தவள் நான்.

பயிற்சிக்காரம்மாவுக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன். "இன்னும் மூணு வாரம் இருக்கு. அவர் மறந்தா அது பசியோட கிடக்கட்டும். நீங்க தொடாதீங்க" என்றார்.

மறுநாள் காலை மறந்தார். மாலையும் மறந்தார். துரை என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தது. "என் மூஞ்சில என்ன இருக்கு? அங்க போ!" என்று திட்டிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் காலை அது நேராக அவரிடம் போய் முழங்காலில் இடித்தது. விடாமல் இடித்தது.

"இது எதுக்கு இடிக்குது? நீ சாப்பாடு போட்டியா?"

"எனக்கென்ன தெரியும்? உங்க நாய்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து போய்த் தட்டை நிரப்பினார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோடா, மறந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு வேளை தவறினால் துரை அவரைத்தான் இடிக்கும்.

கெடு முடியும் நாளில் பயிற்சிக்காரம்மா எங்களைக் கடைவீதிக்குக் கூட்டிப்போனார். "அவர் நடக்கட்டும். நீங்க இங்கயே நின்னு ஆசையா கூப்பிடுங்க."

"துரை, வாடா கண்ணா!" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். அதன் காது மட்டும் என் பக்கம் திரும்பியது; கால் அவரை விட்டு நகரவில்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நெஞ்சும் வலித்தது. பொறாமைதான், வேறென்ன?

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கோவிச்சுக்காதே, அது டியூட்டில இருக்கு. நீ வீட்டுக்குப் போ. நாங்க வந்துடறோம்."

ஆறு வருஷத்தில் அவர் என்னைத் தனியாக வீட்டுக்குப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நடுத்தெருவில் நின்று அழுதேன்.