குமரவேல் சுற்றிப்போன எழுத்து

மேரி போனில் சொன்னது இரண்டே வார்த்தை. “வேலு போயிட்டான்.” நான் வரவேற்பு மேசையில், அறையைக் காலி செய்துவிட்டுப் போகும் ஒரு குடும்பத்திடம் சாவி வாங்கிக்கொண்டிருந்தேன். “எங்க போயிட்டான்? சொல்லிக்காம போற ஆளு இல்லியே அவன்” என்று எரிந்து விழுந்தேன். மேரி அழுத பிறகுதான் எனக்கு விளங்கியது. வேலைக்குக் கிளம்பி மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

குயிலாப்பாளையத்தில் எங்கள் விடுதியில் தங்கிப் போன உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். தண்ணீர் வராவிட்டால், ஃபேன் சுற்றாவிட்டால் ஏணியோடு வந்து நிற்பானே, அந்த வேலு. மேரி சமையலறை, நான் வரவேற்பு, மற்றதெல்லாம் அவன். வாயைத் திறக்காத ஆள் என்று நினைத்திருப்பீர்கள். பேச அவ்வளவு ஆசைப்பட்டவன் அவன். என்ன செய்வது, அவன் நாக்குக்கு ‘ர’ வராது. சின்ன ‘ர’ என்றாலும் பெரிய ‘ற’ என்றாலும் ‘ல’தான் வந்து நிற்கும்.

அதனால் அந்த எழுத்தைச் சுற்றிக்கொண்டே போவான். மோட்டாரைப் பம்பு என்பான். சாரை ஐயா என்பான். சரி என்பதற்கு ஓகே. சாயங்காலம் கிளம்பும்போது நாம் எல்லோரும் சொல்கிற ‘போயிட்டு வர்றேன்’ அவன் வாயில் வந்ததே இல்லை. பையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவான். “இன்னா திமிரு பாரேன்” என்று மேரி முணுமுணுப்பாள்.

பெரிய பாடு அவன் ஊர்ப் பெயர்தான். ‘மரக்காண’த்தில் ‘ர’ போய் ‘ல’ வந்தால் என்னவாகும் என்று நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. ஒருமுறை பஸ்ஸில் அப்படிச் சொல்லப்போய், பஸ்ஸே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் வழியில் முன்னாலேயே வந்துவிடும் அனுமந்தைக்குத்தான் டிக்கெட் எடுப்பான். அங்கே இறங்கி, யாருடைய வண்டியிலாவது கைகாட்டி ஏறிக்கொள்வான், இல்லாவிட்டால் நடப்பான். “அனுமந்தைல உனக்கு யாருப்பா?” என்று கேட்டேன். “எவனையும் தெலியாதுக்கா. சொல்ல முடியுது, அதான்” என்றான்.

மார்கழி பிறந்தால் எங்கள் விடுதிக்கு ஒரு ஸ்பெயின் அம்மா வருவார். அவர் ஊர்க் கடற்கரையில் சின்னதாக ஒரு ஹோட்டல் வைத்திருந்தார். பேச்சு பிடிபட்டால் இரண்டு பேரை அங்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். மத்தியானங்களில் அவரே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நானும் வேலுவும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தோம். வருகிறவர்கள் வருகிறார்கள், போகிறவர்கள் போகிறார்கள், நான் மட்டும் சாவியைக் கொடுத்து வாங்கிக்கொண்டு கிடக்கிறேன் என்று எனக்கு மூச்சு முட்டியது. வேலுவுக்கு உப்பளம். வீட்டில் எல்லோரும் அங்கேதான் கூலி. விடுமுறை நாளில் அவனும் இறங்கியாக வேண்டும். “அங்க நின்னா நாலு பக்கமும் வெள்ளை. எது வழின்னே சொல்ல முடியாதுக்கா” என்பான்.

அந்த மொழியிலும் இரண்டு ‘ர’. நம் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிட்டுப் போகிறோம், அவர்களிடம் அது நடக்காது. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. நாக்கை உருட்டி ‘பெர்ரோ’ என்றால் நாய். எனக்கு உருளத் தொடங்கி பாதியில் நின்றுவிடும். வேலு சொன்னான்: “பெலோ.” அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் மொழியில் அதற்கு மயிர் என்று பொருளாம். கதவோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். “நாயைக் கூப்ட்டா மயில் வந்து நிக்குதுக்கா” என்றான் வேலு. மயிர் என்றுதான் சொல்ல வந்தான். அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்தான். ஆனால் மறுநாள் வகுப்புக்கு வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், நான் மட்டும் படித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் ஆடுகள் புகுந்துவிட்டன. ஏணியில் நின்றிருந்த வேலு குதித்து ஓடினான். “ட்ர்ர்ர்ர்... ஏய்... ட்ர்ர்ர்ர்!” ஸ்பெயின் அம்மா பேனாவைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தார். “அதுதான்! அதுதான்!” வேலு கையில் குச்சியோடு திருதிருவென்று முழித்தான். சின்ன வயதிலிருந்து ஆடு விரட்டிய சத்தம் அது.

“அது எழுத்து இல்லக்கா, சத்தம்” என்று என்னிடம் சண்டைக்கு வந்தான்.

“ரெண்டும் ஒரே நாக்குலதானடா வருது” என்றேன்.

அன்று முதல் ஒவ்வொரு சொல்லுக்கு முன்பும் ஆடு ஓட்டினான். ட்ர்ர்ர்... பெர்ரோ. ட்ர்ர்ர்... மோட்டார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்தது. ஒருநாள் சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம், நான் கீழ்புத்துப்பட்டில் இறங்குகிறவள். கண்டக்டர் வந்து நின்றதும் வேலு ஒரு மூச்சு இழுத்தான். “மர்ர்ரக்காணம் ஒண்ணு.”

“இன்னாப்பா, வண்டிய நீயே ஸ்டார்ட் பண்ணிட்டியா?” என்று கேட்டபடி கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். இந்த முறை சிரித்தவன் வேலு. “என் முழுப் பேரு தெரியுமாக்கா? குமர்ரவேல்” என்றான். அத்தனை வருஷம் கூட வேலை பார்த்தும் எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பிய அந்த அம்மா போனிலேயே எங்களுக்குப் பரீட்சை வைத்தார். இருவரும் தேறினோம். விசா வரவில்லை. மறுபடி கேட்டோம், மறுபடியும் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நான் யாருக்கும் முகம் கொடுக்காமல் திரிந்தேன். வேலு பம்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “நாக்கு வெளிய வந்துடுச்சுக்கா. ஆளுதான் உள்ளயே இருக்கேன்.” அந்த ‘இருக்கேன்’ அவ்வளவு சுத்தமாக வந்தது. இதைச் சொல்லவா இவன் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவன் ஆத்திரப்படவில்லை. கிடைத்த எழுத்தைச் செலவழித்துத் தீர்த்தான். சாயங்காலமானால் சமையலறையில் ஒருமுறை, என் மேசைக்கு முன்னால் ஒருமுறை, வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட ஒருமுறை, “போயிட்டு வர்ர்ர்றேன்.”

துக்கத்துக்கு நானும் மேரியும் போனோம். அவன் மனைவி செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “காலையில கூட வாசல்ல நின்னு நல்லா இழுத்துச் சொல்லிட்டுத்தாங்க்கா போனாரு.” கிளம்ப எழுந்தபோது என் வாய் வழக்கத்தில் திறந்துவிட்டது. மேரி முழங்கையால் இடித்தாள். துக்க வீட்டில் ‘வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. பையை எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்தேன், முன்பெல்லாம் வேலு நடந்த மாதிரி. பஸ் வரும்வரை அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றது.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். இப்போது வேலை முடிந்ததும் சமையலறை வாசலில் நின்று, நாக்கை நன்றாக உருட்டி, “போயிட்டு வர்ர்ர்றேன்” என்கிறேன்.

“எங்க போயிடப் போற நீ? விடிஞ்சா இங்கதான வந்து நிக்கணும்” என்கிறாள் மேரி.

ஆமாம், இங்கேதான். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.