கம்ப்யூட்டர் பொறுக்கிய பன்னிரண்டு பேர்

போன மாதம் அக்கா மகள் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டு மனுப் போட்டாள். எல்லாம் போனிலேயேதான். படிப்பு, வயது, மார்க் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பி, கடைசிப் பட்டனை அழுத்திவிட்டு டீ போடப் போனாள். பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. வருந்துகிறார்களாம்.

"இவ்ளோ சீக்கிரமா யாரு மாமா படிச்சிப் பாத்தாங்க?" என்று கேட்டாள். கோபம்கூட இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"யாரும் பாத்திருக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டேன். ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன்னால், நன்றாகத் தெரிந்த ஒருவனை நானே இப்படி 'யாரும் பார்க்காமல்' தள்ளியிருக்கிறேன். இதை எழுதித் தொலைக்க வேண்டும் என்று தோன்றியது அந்த அடுப்படியில் வைத்துத்தான்.

எண்பதுகளின் நடுவில், பாகூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தையல் வகுப்பு நடந்த அறையைக் காலி பண்ணி, கம்பளம் ஒட்டி, ஜன்னலுக்கு நீலத் திரை போட்டு வைத்தார்கள். கம்பளத்துப் பசையும் ரச கற்பூர உருண்டையும் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் எந்தக் கடையிலாவது அந்த வாசனை வந்தால் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்க்கும். ஆமாம், உள்ளே செருப்பு கூடாது. தூசி பட்டால் அது செத்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அந்த அறையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவேன். எதற்கு என்று கேட்டால் அன்றைக்கும் காரணம் சொல்லியிருக்க மாட்டேன்.

நான்தான் அதற்குத் தற்காலிக ஆசிரியர். பி.எஸ்சி. கணக்கு, அதற்குமேல் இரண்டு வாரப் பயிற்சி. இரண்டு வாரத்தில் உலகம் முழுக்க விளங்கிவிட்டது எனக்கு. எழுதிய புரோகிராமையெல்லாம் டேப் ரிக்கார்டர் கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். ஒருநாள் பாட்டுக் கேசட் என்று நினைத்து அம்மா அதைப் போட்டுவிட்டாள். "இன்னாடா இது, தகரத்த அறுக்கற மாதிரி கீது" என்றாள். எனக்கு அந்தச் சத்தமும் சங்கீதமாகத்தான் இருந்தது.

எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் அப்போது கபடி என்றால் உயிர். கிளப் செயலாளர் தணிகாசலம், அரிசி மில் வைத்திருந்தவர். ஒவ்வொரு வருஷமும் போட்டிக்கு டீம் பொறுக்குவது அவர்தான். ஒவ்வொரு வருஷமும் பொறுக்கி முடித்த மறுநாள் அவர் வீட்டு ஓட்டின் மேல் கல் விழும். ஒருநாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வேட்டியை இறக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இது இன்னாப்பா செய்யும்?"

"எது வேணா செய்யும்ணே."

"டீம் பொறுக்குமா?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அடுத்துக் கேட்டது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை: "இது சொல்லிட்டா யாரும் எதுத்துப் பேச மாட்டானுங்க இல்ல?"

காதர் பாய் மளிகைக் கடையிலிருந்து ஸ்கோர் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊரில் எந்த ஆட்டம் நடந்தாலும் பாய்தான் எழுதுவார். யார் பாடிப் போய் எத்தனை பேரைத் தொட்டான், பாடி வந்தவனை யார் பிடித்தான் என்று தேதிவாரியாக இருக்கும். ஆட்டக்காரர்களை அரிசி மில் தராசில் ஏற்றி எடை போட்டோம். "மூட்ட எறக்கியாச்சி, அடுத்த மூட்ட ஏறு" என்று ஒரே சிரிப்பு. உயரம், எடை, ஓட்டம், தொட்டது, பிடித்தது எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்ட நாற்பது வரியில் ஒரு புரோகிராம். எதற்கு எத்தனை மார்க் என்று தீர்மானித்தது நான். ஒரு சாயங்காலம், வேர்க்கடலை தின்றுகொண்டே தீர்மானித்தேன். இதை யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் வேண்டும். திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. அந்தோணி பதினாறாவது.

அந்தோணி என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். வில்லியனூர்ப் பக்கம் கோயில் தெருவிலிருந்து அவன் அப்பா காலத்தில் பிழைக்க வந்த குடும்பம். பகலெல்லாம் கரும்பு லாரிக்கு லோடு ஏற்றுவான், சாயங்காலம் ஆடுவான். இடது மூலைதான் அவன் இடம். பாடி வருகிறவன் பக்கத்தில் வந்ததும் அரை அடி முன்னால் வைப்பான், அவ்வளவுதான். வந்தவன் மிரண்டு அந்தப் பக்கம் திரும்புவான். திரும்பிய இடத்தில் வேறு யாராவது பிடித்துவிடுவான். புழுதி, விசில், கைதட்டல் எல்லாம் பிடித்தவனுக்கு. அந்தோணி திரும்பவும் மூலையில் போய் நின்றுகொள்வான். இதை நான் எட்டு வருஷம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் பதினாறு என்று திரையில் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இத்தனை நாளாக இவனை நாம்தான் தப்பாக எடை போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. என் கண்ணை நான் சந்தேகப்பட்டேனே தவிர, நாற்பது வரியைச் சந்தேகப்படவில்லை.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஒரு நூல் மில்லிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. அவர்கள் டீமுக்கு ஆள் வேண்டும். எடுத்தால் நிரந்தர வேலை. இருபத்தைந்து வயதுக்குமேல் எடுக்க மாட்டார்கள். அந்தோணிக்கு இருபத்தைந்து.

பட்டியலை 'கம்ப்யூட்டர் தேர்வு' என்று தலைப்புப் போட்டு நானே எழுதி ஒட்டினேன். அந்தோணிக்குப் பதிலாக இடது மூலைக்கு வந்தவன் தணிகாசலத்தின் அக்கா மகன். மறுநாள் மத்தியானம் அந்தோணி பள்ளிக்கூடத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா."

"கால்ல சேறுடா, வேணாம். நீ பாத்துகினுதான இருந்த, எட்டு வருசமா?"

"பாத்தன்பா. இதுல இப்படித்தான் வருது."

"இது எங்கனா வந்து பாத்துச்சா?"

"மெஷினுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கெடையாது அந்தோணி."

அந்த வாக்கியத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. இரண்டு நாளாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் வாசலிலிருந்தே திரையைக் கையால் காட்டினான். "அதுகிட்ட இன்னா கேக்க முடியும்? உன்னதான கேக்க முடியும். நீ சொல்லு, நான் ஆட மாட்டனா?"

"நான் இன்னா பண்றது? கம்ப்யூட்டர் சொல்லிடுச்சி."

அவன் போய்விட்டான்.

போட்டி தொடங்க இரண்டு நாள் முன்னால் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாய் சர்க்கரைப் பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, என் நோட்டுல புடிச்சவன் பேருதான் இருக்கும். திருப்பி வுட்டவன் பேரு எங்க இருக்கும்? அத எழுதறதுக்கு நான் கோடே போடலியே."

ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு எதுவும் சட்டென்று விளங்கும், அது ஒன்றுதான் என்னிடம் இருந்த நல்ல குணம். நேரே அரிசி மில்லுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் பட்டியல் மாறியிருக்கும். சைக்கிளை எடுத்தேன். மில் வரைக்கும் போனேன். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தாண்டிப் போய்விட்டேன். என் முதல் புரோகிராம் அது. முதல் தடவையே தப்பு என்று எப்படிச் சொல்வது? என் வாயால்?

டீம் ஜெயித்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. தோற்றிருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். தணிகாசலத்தின் அக்கா மகன் நன்றாகவே ஆடினான், வேலையும் கிடைத்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். ஊரில் மட்டும் தணிகாசலம் எனக்கு ஒரு மூட்டைப் பொன்னி அரிசி கொடுத்ததாகப் பேசிக்கொண்டார்கள். சத்தியமாக ஒரு டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. அரிசியாவது வாங்கியிருந்தால் காரணம் என்று ஒன்று இருந்திருக்கும்.

அந்த வருஷம் தணிகாசலம் வீட்டு ஓட்டில் கல் விழவில்லை. அப்புறம்தான் அவர் முதல்நாள் கேட்ட கேள்வி மண்டையில் ஏறியது. அவருக்கு நல்ல டீம் வேண்டும் என்று இருந்ததா, கல் விழக் கூடாது என்று இருந்ததா? அக்கா மகனுக்காகத்தான் வந்தாரா? அன்றிலிருந்து, கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பதில்லை, சொல்கிறவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். சொல்கிறவருக்கு அதில் என்ன சௌகரியம்?

அந்த மைதானம் இப்போது மனைகளாகிவிட்டது, வண்ணக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். அரிசி மில்லும் இல்லை. நோட்டுகள் எங்கே என்று பாயின் மகனைக் கேட்டேன். பொட்டலம் கட்டியே தீர்த்துவிட்டார்களாம். பாயும் தணிகாசலமும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தோணி பதினாறாவது ஆள் இல்லை என்று தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன், அப்புறம் அந்தோணி.

அவன் கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டின் மேல் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். பார்த்ததும் சட்டைப் பையில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இறங்கப் போகிறேன். பாய் சொன்னதையும், சைக்கிளில் மில்லைத் தாண்டிப் போனதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி ஆரம்பித்தாலும் முதல் வார்த்தை 'கம்ப்யூட்டர்' என்றே வந்து விழுகிறது. 'நான்' என்று ஆரம்பித்துப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது.