கேட்டதற்கு மட்டும் பதில்

சபாபதி ஐயா இறந்த செய்தி வந்தபோது நான் கடையில் எடப்பாடிக்காரர் ஒருவருக்கு நூல் கட்டு எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐயாவுக்கு இரண்டு வேளையும் காப்பி கொண்டுபோகும் ஓட்டல்காரர் தெருவில் நின்றபடியே, "அய்யா போயிட்டாருங்க. காலையில காப்பி கொண்டுக்கிட்டுப் போனேன், நாற்காலியிலயே சாஞ்சிருந்தாரு" என்றார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இந்த வருஷத்து வரிக் கணக்கை இனி யார் எழுதிக் கொடுப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. போனதும் நல்லதுதான் என்று அடுத்துத் தோன்றியது. எடப்பாடிக்காரருக்கு எண்ணி முடித்து, காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கடையைச் சாத்தினேன்.

நூல் வியாபாரிகள் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். அவர் மாடிப்படியை அதிக வருஷம் ஏறியவன் நான் என்பது காரணம். நல்லதாகப் பத்து வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவது நம் வழக்கம். ஆனால் அவர் உயிரோடு இருந்தவர்களிடமே அந்த மரியாதையைக் காட்டியதில்லை. அதனால் நானும் உள்ளதை எழுதுகிறேன்.

புதிதாகக் கடை வைத்தவர்களுக்காகச் சொல்கிறேன். சபாபதி ஐயா திருச்செங்கோட்டுக்காரர். வருமான வரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, சேலத்தில் ஒரு மாடி அறை பிடித்து நம் போன்றவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷ் சட்டப் புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்தது, எப்போதும் மேஜையில் இருக்கும். அதை விரலால் தொட்டுக்கொண்டுதான் பேசுவார். ஒருவரிடமும் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு காரியத்தை இழுத்தடித்ததில்லை. உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் கூலி கேட்பார். இதெல்லாம் உண்மை, மறுக்க மாட்டேன்.

பட்ஜெட் வந்த மறுநாள் மதராஸிலிருந்து வரும் பத்திரிகைக்காக அவர் படிக்கட்டில் நாம் வரிசையாக நின்றிருக்கிறோம். யுத்தம் வந்த பிறகு வருஷத்துக்கு வருஷம் விதி மாறியது. வரி கட்ட வேண்டிய வருமான வரம்பை ஒரு வருஷம் கீழே இறக்கினார்கள். அன்று சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர், போன வருஷம் எனக்கு வரி இல்லையே, இந்த வருஷமும் அதே வருமானம்தானே என்று கேட்டார். ஐயா பத்திரிகையை மடித்தார். "போன வருசம் நீங்க ஏழைங்க. அதே காசுக்கு இந்த வருசம் பணக்காரரு. ஊட்டுக்குப் போயி சந்தோசமாச் சொல்லுங்க" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சாயப்பட்டறைக்காரர் சிரிக்கவில்லை.

இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை வியாபாரி வந்த அன்றைக்கும் நான் அங்கே இருந்தேன். மகள் கல்யாணச் செலவை வருமானத்தில் கழித்துக் காட்டலாமா என்று கேட்டார். முடியாது என்றார் ஐயா. மகனுக்கு வைத்தியம் பார்த்த செலவு? அதுவும் முடியாது. அந்த மகன் தவறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஐயா நிமிர்ந்து பார்த்தார். "தறி எரிஞ்சா கழிக்கலாம். நூல் நனஞ்சு போனாக் கழிக்கலாம். புள்ளை போனா சட்டத்துல எடமில்லீங்க. தொழிலுக்கு ஆன செலவு மட்டும் சொல்லுங்க, மத்ததைக் கோயில்ல சொல்லுங்க" என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் ஓர் எழுத்து தப்பில்லை. சேலை வியாபாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடை வாடகையும் வண்டிக் கூலியும் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தார்.

இனி என் வீட்டுக் கதை. தாய் தகப்பன் போனபோது எனக்கு ஆறு வயது. அண்ணன் பெண்டாட்டிதான் என்னை எடுத்து வளர்த்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமாகி, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அண்ணி என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். அவர் பரிமாறித்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன். அண்ணன் தறிகளைப் பார்த்தார், நான் நூல் கடையைப் பார்த்தேன். எல்லாம் ஒரே குடும்பத்துக் கணக்கு.

யுத்த காலத்தில் நூல் விலை ஏறியதும் எங்கள் கணக்கும் ஏறியது. ஐயா எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். பிரியாத குடும்பத்தைச் சர்க்கார் ஒரே ஆளாகப் பார்க்கிறது. வருமானம் முழுவதும் ஒரே குவியல். குவியல் உயர்ந்தால் ரூபாய்க்கு இத்தனை அணா என்ற விகிதமும் உயரும். பாகம் பிரித்துவிட்டால் இரண்டு சின்னக் குவியல், இரண்டுக்கும் குறைந்த விகிதம். ஆனால் வாயால் பிரிந்தோம் என்றால் அதிகாரி ஏற்க மாட்டார், நிஜமாகவே பிரிந்திருக்க வேண்டும் என்றார். எவ்வளவு குறையும் என்று கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் பார்த்தேன்.

நிஜமாகப் பிரிவது என்றால் நம் தெருவில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அடுப்பைப் பிரிக்க வேண்டும். பத்திரம் எழுதிய வாரமே முற்றத்தின் நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர் வைத்தோம். வடபாதி அண்ணனுக்கு, தென்பாதி எனக்கு. மாடு கட்டியிருந்த இடத்தில் என் மனைவி புது அடுப்புப் போட்டாள். ரேஷன் கார்டையும் இரண்டாக்கினோம். அதோடு நிற்கவில்லை. சுவர் தாண்டி உப்புக்கூடக் கொடுக்கக் கூடாது, அந்தப் பக்கம் போனால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நாங்களே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டோம். ஐயா ஒருநாள் வந்து சுவரைப் பார்த்தார். "நல்லா உறுதியாத்தான் கட்டியிருக்கறீங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தனி அடுப்பு என் மனைவிக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, வெளியே சொல்லவில்லை.

விசாரிக்க ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக இரண்டு அடுப்பையும் மெழுகிக் கோலம் போட்டு வைத்திருந்தோம். அவர் பத்திரத்தைப் படித்தார், இரண்டு பேரேட்டையும் புரட்டினார், தறி எத்தனை, கடைச் சரக்கு யார் பெயரில் என்று கேட்டார். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. பார்க்காதது மாதிரிப் பார்க்கிறார், கெட்டிக்காரர் என்று அண்ணன் என் காதில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உத்தரவு வர மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதங்களுக்குள் அண்ணி விஷக்காய்ச்சலில் படுத்தார். குடல் புண்ணாகியிருக்கிறது, கஞ்சித் தெளிவைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணனுக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது. மூன்றாம் நாள் காலையில் என் மனைவி மனசு கேட்காமல் கஞ்சி காய்ச்சி, வடித்து, தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நான் மறித்தேன். அதிகாரி யாரையாவது விட்டு விசாரிப்பார், ஒரு தூக்குக் கஞ்சியில் எல்லாம் போய்விடும் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். ஆறிப்போனதை மாட்டுக்கு ஊற்றினோம்.

பார்க்கப் போகலாம் என்று எங்கள் விதியில் இடம் வைத்திருந்தோம். நான் தினமும் போய் வெறும் கையோடு நின்றேன். அண்ணி உதடு வெடித்துக் கிடந்தார்.

"கேஸு முடிஞ்சிருச்சா சாமி?" என்றார்.

"இன்னும் இல்லீங்க அண்ணி."

"முடியட்டும். முடிஞ்சதும் உன் ஊட்டுக்காரிகிட்டச் சொல்லி ஒரு வாய் கஞ்சி கொண்டா."

பசி தாங்காமல் அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால், அண்ணன் தனக்குத் தெரிந்த மாதிரி அரிசியைப் போட்டுக் கிண்டி, பாதி வெந்ததும் வேகாததுமாக ஊட்டியிருக்கிறார். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்து அண்ணி செத்துப்போனார். அவர் படுத்திருந்த இடத்துக்கும் என் அடுப்புக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. என்னைப் பெறாமல் வளர்த்தவளை ஒரு தூக்குக் கஞ்சி கொடுக்காமல் கொன்றேன். அழகாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் உத்தரவு வந்தது. பாகப்பிரிவினையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கூலி கொடுக்க ஐயாவிடம் போனேன். எண்ணி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நான் சும்மா வந்திருக்கலாம். அந்த அடுப்பு மட்டும் இரண்டாகாமல் இருந்திருந்தால் அண்ணி பிழைத்திருப்பார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அடுப்பு எதுக்குங்க ரெண்டாச்சு?" என்றார்.

நீங்கள்தானே நிஜமாகப் பிரிய வேண்டும் என்றீர்கள் என்றேன்.

அவர் புத்தகத்தைத் தொட்டார். "சொத்தைத்தானுங்க சொன்னேன். கடை இன்னாருது, தறி இன்னாருது, ஊட்டுல வடபாதி தென்பாதின்னு பத்திரத்துல இருந்தாப் போதும். சோத்தைப் பத்திச் சட்டத்துல ஒரு வார்த்தை இல்லீங்க. ஒரே எலையில தின்னுட்டுக்கூட இருந்திருக்கலாம்."

சுவரை வந்து பார்த்தீர்களே, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.  அவர் விரல் புத்தகத்தின் மேலேயே இருந்தது.

"வரி எவ்வளவு குறையும்னு கேட்டீங்க, சொன்னேன். எங்க சோறு திங்கறதுன்னு நீங்க கேக்கலீங்களே. பிரியறதுக்கே ஆசைப்பட்டு நிக்கறவங்ககிட்ட நானாப் போயிச் சொன்னா, சபாபதி எதுக்குக் குடும்ப விசயத்துல வாரான்னு கேப்பீங்க."

அவர் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். நான் படியிறங்கி வந்தேன். அடுத்த வருஷம் கணக்கெழுத மறுபடி அவரிடமே போனேன், அதற்கடுத்த வருஷமும் போனேன். வரி குறைந்திருந்தது.

பாடை எடுக்கும் முன் ஐயா வீட்டில் அவர் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்ஷூரன்ஸ் ஏதாவது போட்டிருக்கிறாரா என்று தெரியுமா என்றார். நம் எல்லோரையும் பாலிசி எடுக்க வைத்தவர் அவர்தான். பிரீமியத்துக்கு வரிச் சலுகை உண்டு, செத்தால் பணம், சாகாவிட்டால் சலுகை என்று சொல்லிச் சொல்லியே எடுக்க வைத்தார். தனக்கு எடுக்கவில்லை. நான் ஒருமுறை கேட்டதற்கு, என் வருமானத்துக்கு வரியே கிடையாதுங்க, வரி இல்லாதவனுக்குச் சலுகை எதுக்கு என்றார். அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. விசாரிக்கிறேன் என்றேன். சங்கத்தார் இதைப் படித்தால் அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்யுங்கள்.

அன்று மாலை குளித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்புக்கு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தார். இந்த மூன்று வருஷத்தில் கஞ்சி காய்ச்ச நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார். தினமும் அதைத்தான் குடிக்கிறார். ஐயா போய்விட்டார் என்றேன். அண்ணன் ஊதுவதை நிறுத்தினார். கண் புகையில் கலங்கியிருந்தது.

"அவரு சொல்லித்தான் செவுரு வெச்சோம். அவரே போயிட்டாரு. இனி இடிச்சிரலாமா, சட்டம் உடுமா?" என்றார்.

சட்டத்துக்கும் அந்தச் சுவருக்கும் சம்பந்தம் கிடையாது என்று எனக்குத் தெரியும். உத்தரவு வந்த வாரத்திலிருந்தே தெரியும். சொன்னால், அப்படியானால் அவள் எதற்குச் செத்தாள் என்று அடுத்ததாகக் கேட்பார்.

"கேட்டுச் சொல்றேங்ண்ணா" என்றேன்.

சபாபதி ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். உத்தரவுக் காகிதம் பெட்டியில் இருக்கிறது, அது பெரிதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கும் வித்தையை அவரிடம் எடுத்துக்கொண்டேன். அவராவது கேட்டால் சொல்வார். நானோ, அண்ணன் கேட்ட பிறகும் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்று முன்பே சொன்னேன். உங்களில் யாராவது எங்கள் அம்மாபேட்டைப் பக்கம் வந்தால், வடபாதிக் கதவைத் தட்டி இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருப்பேன்.