கோல்கீப்பர் வீட்டுக் கொடி

இன்று மகனின் விளையாட்டுப் பையைத் திறந்ததும், வியர்வையில் ஊறிய செம்மண் வாடை முகத்திலடிக்க, காரைக்குடியில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கும் இடத்தில் இருந்த கல்லூரி மைதானமும் அதன் சுவரை ஒட்டிய எங்கள் கொல்லையும் கண்முன் வந்துவிட்டன. கல்லூரிக் கால்பந்து அணிக்கு அண்ணன்தான் கோல்கீப்பர். தோற்கக் காரணமானவன் எல்லோருடைய வெள்ளை ஜெர்சியையும் துவைத்துத் தரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். யார் கோட்டைவிட்டாலும் பழி கோலில் நிற்பவன் தலையில்தானே விழும், அதனால் அந்த சீசன் முழுக்க எங்கள் கொடியில் ஊரான் சட்டைகளே தொங்கின, துவைகல்லில் அம்மா அடித்துத் துவைக்கும் சத்தத்துக்கு நடுவேதான் நான் பாடம் படித்தேன்.

ஒரே ஒரு ஆட்டத்தில் அண்ணன் பெனால்டியைப் பாய்ந்து தடுத்தான், ஜெயித்தார்கள். வீங்கிய விரல்களுக்கு ஒத்தடம் கொடுக்க அம்மா சிரித்த முகமாய் வெந்நீரை இறக்கும்போது, கேப்டன் வந்து கொல்லையில் துணிமூட்டையைப் போட்டான்.

"அம்மா, எம்புட்டு வெள்ளையா தொவைக்கிறீக! இனி ஜெயிச்சாலும் இங்குட்டே குடுத்துவிடுறோம்."

கேப்டன் சிரித்தான். அவன் சிரித்ததால் அண்ணனும் சிரித்தான்.

அம்மா அந்த வெந்நீரைத் துணி வாளியில் ஊற்றினாள்.