ஆறு மாதச் சீமெந்து

ஊரில் பல் வைத்தியரிடம் போகிறவன் ஒரு பல் குறைவாகத்தான் வீடு திரும்புவான். கொழும்பில் அப்படியில்லை. சொத்தைப் பல்லைக் குடைந்து அடைத்துக்கொண்டு அதே பல்லோடு வருகிறார்கள். சில வருடம் கழித்து, அடைத்ததை மாற்றவென்று மறுபடியும் போகிறார்கள். வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. ஊரில் இதை வாசிக்கும் நீங்களும் சிரிப்பீர்கள்.

கோட்டையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நான் கிளாக்கர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு பசுமாடும் ஊரில், யாழ்ப்பாணத்தில். ஐந்து வருடத்துக்கு முன் கடைவாய்ப் பல் வலித்தபோது கொட்டாஞ்சேனையில் ஒரு பறங்கி டொக்டரிடம் போனேன். அடைப்பு எவ்வளவு காலத்துக்குத் தாங்க வேண்டும் என்று கேட்டார்.

"ஆறு மாசம் காணும் டொக்டர். அதுக்குள்ள ஊருக்கு மாற்றம் கிடைச்சிடும்."

ஊரில் வேறொரு வைத்தியர் மிச்ச வேலையை முடிப்பார் என்று அவர் நினைத்தாராம். ஊர் போய்ச் சேர்ந்தால் பல் தானாக அடங்கிவிடும் என்று நான் நினைத்தேன். தற்காலிகமாகச் சீமெந்து வைத்து அடைத்து அனுப்பினார்.

சீமெந்து விழுந்தது, மாற்றம் வரவில்லை. மறுபடியும் ஆறு மாதம் என்றேன். இப்படியே காலம் ஓடியது. வாடகைக்கு இருந்த போடிங் வீட்டில் ஒரு கட்டில்கூட வாங்காமல் பாயில் படுத்தேன். அடுத்த சித்திரைக்கு வந்துவிடுவேன் என்று வருடாவருடம் மனைவிக்கு எழுதினேன். எங்கள் போடிங்கில் எல்லோருமே அப்படித்தான்.

போன மாதம் டொக்டர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"மிஸ்டர், ஒவ்வொரு தரமும் ஓட்டை பெரிசாகுது. இனிச் சீமெந்து வைக்க மாட்டன். வெள்ளி வைச்சு அடைக்கிறது, இல்லாட்டிப் பிடுங்கிறது."

"வெள்ளி எவ்வளவு காலம் இருக்கும்?"

"பத்து வருஷம். கவனமா இருந்தாக் கூடவும் இருக்கும். பிறகு அதையும் மாத்தத்தான் வேணும்."

பத்து வருடம்! சம்மதித்தால், ஊருக்குப் போகமாட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே. கதிரையை விட்டு எழும்பப் பார்த்தேன். பிறகு பிடிவாதம் வந்தது. மாற்றம் கேட்டதற்குக் கந்தோர்த் துரை தராத பதிலுக்காக என் பல்லை ஏன் பலி கொடுக்க வேண்டும்? வெள்ளியே வைக்கச் சொன்னேன். டொக்டர் குடையும் மெஷினைக் காலால் மிதித்து மிதித்துக் குடைந்தபோது கண்ணீர் வந்தது. அதில் பாதிதான் வலியால் வந்தது.

நடந்ததை மனைவிக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "பல்லுக்கு முடிவு சொல்லிப் போட்டியள், எனக்கு என்ன முடிவு?" வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கிழமையே கடற்கரைப் பக்கமாக இரண்டு அறை வீடு பிடித்தேன். கட்டிலும் வாங்கினேன்.

நேற்றுக் காலை கோட்டை ஸ்டேஷனில் மனைவி பிள்ளைகளோடு இறங்கினாள். அங்கேயே என் வாயைத் திறக்கச் சொல்லி வெள்ளியைப் பார்த்தாள்.

"வடிவாத்தான் கிடக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாட்டை விக்கேல்லை. ஊருக்குத் திரும்பிப் போனா வேணுமெல்லே. தங்கச்சியிட்டை விட்டிட்டு வந்தனான்" என்றாள்.

விற்றிருக்கலாமே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எப்போது கன்று போடும் என்றுதான் கேட்டேன்.