‘உள்ள கேளுங்க’ அக்கா

மருந்துக்கடை ஜன்னலுக்கு வருபவர்கள் என் சித்திக்கு வைத்திருக்கும் பெயர் ‘உள்ள கேளுங்க’ அக்கா. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, போட்டால் தூக்கம் வருமா என்று எதைக் கேட்டாலும் அவளிடம் அந்த ஒரே பதில்தான். தெரியாமல் இல்லை. சித்தி அங்கே உதவியாளர். சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணலாம், உறையிலிட்டுப் பெயர் ஒட்டலாம். சரிபார்ப்பதும் விளக்கம் சொல்வதும் உள்ளே இருக்கும் மருந்தாளரின் வேலை. அவர் பார்த்துவிட்டு உறைமேல் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மருந்து ஜன்னலுக்கு வரும்.

சித்தியைவிட வயதில் இளையவரான அந்த மருந்தாளர் கொஞ்ச நாளாகத் தேனொழுகப் பேச ஆரம்பித்திருந்தார். மதியமானால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

“நீங்களே குடுத்துடுங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?”

ஒருநாள் போகும்போது மேசைமேல் ஒரு கட்டு உறைகளை வைத்துவிட்டுப் போனார். எல்லாம் காலி. எல்லாவற்றிலும் பச்சைக் கையெழுத்து.

ஏதாவது ஏடாகூடமானால் உள்ளே மருந்து போட்ட கை யாருடையது என்றுதான் கேட்பார்கள். இன்னொரு கிளையில் இப்படித்தான் ஒரு பெண்ணுக்கு வேலையும் போயிற்று, சான்றிதழும் போயிற்று. சித்தி அந்தக் கட்டைத் தொடவேயில்லை. கைரேகை விழுந்துவிடுமாம்.

அந்த நேரம் பார்த்து, முன்பின் பார்த்திராத ஒருத்தி ஜன்னலுக்கு வந்தாள். சித்தி எடுத்துவைத்த மாத்திரையைக் கண்ணாடி வழியே பார்த்தாள்.

“எங்க அப்பாவோட பிரஷர் மாத்திரை. போன தடவை மஞ்சளா இருந்துச்சு. இது வெள்ளையா இருக்கே, ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றுதான், கம்பெனிதான் வேறு. பதில் சித்தியின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் கேள்வி கொஞ்சம் அளவெடுத்தாற்போல் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆழம் பார்க்க அனுப்பிய ஆளாக இருந்தால்?

“உள்ள கேளுங்க.”

“உள்ள யாரு இருக்கா? நாற்காலிதான் இருக்கு!”

“அக்கா வாயப் பூட்டி சாவிய அவரு எடுத்துட்டுப் போயிட்டாரும்மா,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்காமல் மருந்தாளருக்குப் போன் போட்டாள்.

அவர் கடுகடுவென்று வந்தார். “இதுக்கா கூப்பிட்டீங்க? ஒரே மருந்துதாம்மா, கம்பெனி வேற.” சொல்லிக்கொண்டே ஓர் உறையை எடுத்தவர், பழக்கதோஷத்தில் கேட்டார்: “பழசு மிச்சம் இருக்கா?”

“இருக்கே. இது வேற மாத்திரைன்னு நெனச்சு ரெண்டையும் சேர்த்துக் குடுக்கலாம்னு இருந்தேன். ஏற்கெனவே அவருக்குத் தல சுத்தல் வேற.”

மருந்தாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தலைசுற்றல் எப்போதிலிருந்து, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். சித்திக்கு இவ்வளவும் கேட்கத் தோன்றியிருக்காது.

அவள் போனதும், மேசைமேல் இருந்த உறைகளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“நல்ல வேளை, நீங்க குடுக்கலக்கா.”

வீட்டுக்கு வந்தும் சித்திக்கு ஆறவில்லை. “நல்ல வேளைங்கிறான். குடுன்னு சொன்னது யாராம்? அதுக்கிருந்த சாட்சியையும் ஒண்ணு விடாம கிழிச்சுட்டான் பாருங்க.”

“அதான் உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே, விடேன்,” என்றார் சித்தப்பா.

“இன்னிக்கு ஆகல,” என்றாள் சித்தி.